ஒரு வீடு, இரண்டு அடுப்பு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸ் போன்ற தோட்டப்புறச் சிறுநகரில் ஆறு கரை மீறினால் பள்ளி மண்டபம் துயர் துடைப்பு மையமாகிவிடும். நனைந்த துணியோடு வரிசையில் நிற்பவரைப் பதிவு மேசையில் மலாயில் 'மங்சா பஞ்சிர்', அதாவது வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர் என்று எழுதுகிறோம். சாப்பாடு, பாய், பிறகு வரும் உதவித்தொகை எல்லாம் அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் வருகின்றன.

இரக்கத்தில் சிலர் 'அகதிங்க மாதிரி ஆயிட்டாங்க' என்பார்கள். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் வெள்ளத்துக்கு இடமில்லை. இனம், மதம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சி, நாட்டு எல்லையைத் தாண்டியவரே அதன்படி அகதி. மலேசியா அதில் சேரவும் இல்லை. 1985-இல் ஐநா சுற்றுச்சூழல் திட்டத்துக்காக எசாம் எல்-ஹின்னாவி எழுதிய அறிக்கை 'சுற்றுச்சூழல் அகதி' என்ற பெயரைப் பரப்பியது. சட்ட உரிமை எதுவும் அதோடு வரவில்லை. மண்டபத்தில் படுத்திருப்பவருக்குப் பொருந்தும் பெயர், ஐநாவின் 1998 வழிகாட்டு நெறிகள் சொல்லும் 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்'. பேரிடரால் வீட்டைவிட்டுப் போனவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. வீடு திரும்புவது, வேறிடத்தில் குடியேறுவது வரை பேசுகிறது. நம் பதிவுப் பாரமோ (படிவம்) மையம் மூடும் அன்றே முடிந்துவிடுகிறது.

அதிகம் பிசகுவது குடும்பத் தலைவர் கட்டத்தில். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கொடுத்த 1,000 வெள்ளி (ரிங்கிட்) குடும்பத் தலைவர் பெயரில்தான் வந்தது. லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அப்பாவும் கல்யாணமான மகனும் சேர்ந்திருந்தால், முகவரி ஒன்றுதானே என்று ஒரே பாரத்தில் எழுதிவிடுவார்கள். "வீட்டுல எத்தன அடுப்பு எரியுதும்மா?" என்று கேளுங்கள். இரண்டு என்றால் இரண்டு பாரம்.

அடுத்தது முகவரி. மைகாட்டில், அதாவது அடையாள அட்டையில், பழைய தோட்டத்து முகவரி இருக்கும். குடியிருப்பது டவுன் ஓரத்து வாடகை வீடாக இருக்கும். இரண்டையும் எழுதி, எதில் தண்ணீர் ஏறியது என்று குறிக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தேதியோடு படம் எடுத்து வைத்தால், சரிபார்க்கும்போது வாக்குவாதம் வராது. சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) வைத்திருக்கும் பாட்டி வரிசைக்கே வராமல் தூணோரம் நின்றுவிடுவார். நாம்தான் கூப்பிட வேண்டும். அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கியவர்களை மண்டபக் கணக்கு தொடுவதேயில்லை.

புள்ளிவிவரம் படிப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெனிவாவிலுள்ள உள்நாட்டு இடம்பெயர்வுக் கண்காணிப்பு மையம் ஆண்டு எண்ணிக்கையில் பெயர்வுகளை எண்ணுகிறது. ஒரே ஆள் பருவமழையில் மூன்று முறை வெளியேறினால் மூன்று.

எங்களை மிகவும் உறுத்துவது, மெதுவாக நடக்கும் பெயர்வு. வருடா வருடம் தண்ணீர் ஏறும். மெத்தை போகும், அலமாரி ஊறிப்போகும், பிள்ளைகளின் பாடப்புத்தகம் போகும். நாலாவது வருடம், மழை இல்லாத ஒரு மாதத்தில், குடும்பம் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கோ கிள்ளானுக்கோ போய்விடும். அன்றைக்கு மண்டபமும் இல்லை, மேசையும் இல்லை. தோட்டத்துக் கணக்கில் அவர் வேலையை விட்டவர். ஊர்ப் பேச்சில் பிழைப்புத் தேடிப் போனவர். போன இடத்தில் புறம்போக்கில் பலகை வீடு போட்டால் 'செத்திங்கான்', அதாவது அனுமதியில்லாமல் குடியேறியவர். இந்த மூன்று பெயரில் எதிலும் வெள்ளம் இல்லை.

அதனால் மையம் மூடும் அன்று, பாரத்தின் பின்பக்கத்தில் கையால் மூன்று வரி சேர்க்கலாம்: எங்கே போகிறார், அந்த வீட்டில் எத்தனையாவது முறை தண்ணீர் ஏறியது, ஆறு மாதம் கழித்து விசாரிக்க எந்த உறவினரின் போன் எண். ஈரத்தில் கலையாத பேனாவால் எழுதுங்கள்.