மொன்செராத் மாதாவும் ஆயர் ஒலிபாவும்

ஸ்பெயினில் பார்சலோனாவுக்கு அருகே மொன்செராத் மலையில் வீற்றிருக்கும் கறுப்பு மாதாவிடம் நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவர்கள் பார்சலோனாவிலேயே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: மலைக்கு ரோப் காரா, பல்சக்கர ரயிலா? பிளாசா எஸ்பான்யா நிலையத்தில் மன்ரேசா போகும் ஆர்5 ரயிலில் ஏறினால், ரோப் காருக்கு மொன்செராத் அயேரியில் இறங்க வேண்டும். பல்சக்கர ரயிலுக்கு அதற்கடுத்த மொனிஸ்ட்ரோல். ஒன்றுக்கு வாங்கிய டிக்கெட் மற்றதில் செல்லாது. வலிய வந்து பேசும் டூர்காரர்களிடம் சிக்கினால், அவர்கள் தரும் நேரம் மாதாவின் வரிசைக்கே போதாது.

சுரூபத்தருகே ஏற முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பேருந்துக் கூட்டம் வருவதற்குள், காலையிலேயே போய்விடுவது நல்லது. பேராலயத்தின் வலப்பக்கம் வரிசை. 12-ஆம் நூற்றாண்டு மரச்சுரூபம். ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரம். எல்லாம் கண்ணாடிக்குள், வலக்கை ஏந்திய உருண்டை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். தொட முடிவது அதை மட்டும்தான். பின்னால் வருகிறவர்கள் நெருக்குவதால் கிடைப்பது சில விநாடிகள். முன்னே நிற்பவர் செல்பேசியில் படமெடுத்தே அதிலும் பாதியைத் தின்றுவிடுவார். அதனால் வேண்டுதலைப் படியேறும்போதே சொல்லி முடித்துவிடுங்கள். உருண்டையில் கை பட்டதும் மனப்பாடம் செய்து வந்த ஜெபமெல்லாம் மறந்துபோகும். 'அம்மா' என்ற ஒரு சொல்தான் வரும். அது போதும், தாயே!

வெளியே வரும் பாதையில் மெழுகுதிரி ஏற்றலாம். வீட்டுக்காக ஒன்று ஏற்றினால், ஆயர் ஒலிபாவை நினைத்து இன்னொன்றும் ஏற்றுங்கள். 1025-இல் இந்த மலையில் துறவு மடம் நிறுவியவர் அவர். பெர்கா, ரிப்போல் பகுதிகளை ஆண்ட கோமகன், பதவியைத் துறந்து புனித ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்தார். 1008-இல் ரிப்போல், குய்ஷா மடங்களின் தலைவர். 1018-இல் விக் மறைமாவட்ட ஆயர். அரியணையை அவர் விட்டாலும் அரசியல் அவரை விடவில்லை. நெருங்கிய உறவில் திருமணம் தகாது என்று நவார்ரா அரசர் சாஞ்சோவுக்கே எழுதியவர் அவர்.

பிரபுக்களின் ஓயாத சண்டையில் ஏழைகள் மடிந்த காலம் அது. 1027-இல் துலூஜ் என்ற ஊரில் கூடிய திருச்சங்கத்தில் ஒலிபா முன்னின்று விதித்தது இது: சனிக்கிழமை பிற்பகல் முதல் திங்கள் காலை வரை எவரும் பகைவனைக்கூடத் தாக்கக் கூடாது, ஆயுதமில்லாத குருக்களையும், கோயிலுக்குப் போகிறவர், திரும்புகிறவர்களையும் எப்போதுமே தொடக் கூடாது. மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கு. சுரூபம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் 1046-இல் குய்ஷாவில் கண்மூடினார். 1522-இல், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதே மாதா முன் இரவெல்லாம் விழித்திருந்து தம் வாளைக் காணிக்கையாக்கினார்.

இன்னொரு நாள் கிடைத்தால் ஆர்3 ரயிலில் விக், ரிப்போல் இரண்டையும் பார்க்கலாம். பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம்; தாமதத்தைக் கணக்கில் வையுங்கள். விக் பேராலயத்தில் ஒலிபா காலத்து மணிக்கோபுரமும் நிலவறையும் நிற்கின்றன. நிலவறையில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லுங்கள். மாதாவிடம் போகிற வழியை நமக்குக் காத்துத் தந்த ஆயரே, உமக்கு நன்றி. உம்மைத் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!