ஒழுகும் கட்டரை அடைப்பதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பாருங்கள்

கூரைக் கட்டரின் (கூரையோரத்தில் மழைநீரை வாங்கி இறங்குகுழாய்க்குக் கொண்டுபோகும் உலோகக் கால்வாய்) இணைப்பில் தண்ணீர் சொட்டினால், அடைத்த பிறகு சொட்டு நின்றதா என்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று ஏறிப் பாருங்கள். சிங்கப்பூரில் தரைவீட்டில் இருக்கும் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு சிராங்கூன் கார்டன் பக்கம், மாடி இல்லாத பழைய வரிசை வீடு. முன்கூரை ஓரமாக அலுமினியக் கட்டர் ஓடுகிறது. அதன் இணைப்புகளில் ஒன்று வாசலுக்கு நேர் மேலே, என் மாமியார் கோலம் போடும் இடத்தில். மழை விட்டு வெகுநேரம் கழித்தும் அங்கே சொட்டிக்கொண்டே இருக்கும். தரை வழுக்கும். ஒரு குத்தகைக்காரரை அழைத்தோம். அவர் பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே கட்டைவிரல் உயரத்துக்குச் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டுப் போனார். சொட்டு நின்றது. ஆனால் அந்த மேடு கட்டருக்குள் ஒரு குட்டி அணை ஆகிவிட்டது. எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள் அதில் தங்கி அழுக, பின்னால் தண்ணீர் தேங்கியது. சில வாரம் கழித்து ஏணி போட்டுப் பார்த்தபோது தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன.

எனக்கு உடம்பு பதறியது. 2020-இல் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது, அவர்களில் என் கணவரும் ஒருவர். ரத்தத் தட்டணுக்கள் இறங்க இறங்க மருத்துவமனையில் காத்திருந்த அந்த நாள்களை நான் மறக்கவில்லை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். சொட்டிக்கொண்டிருந்த கட்டராவது காலியாகிக்கொண்டிருந்தது!

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். கப்பல் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஏறிப் பார்த்துவிட்டு, "பசை கடைசி வேலைம்மா, முதல்ல இதையெல்லாம் எடுக்கணும்" என்றார்.

அதற்குத்தான் நேரம் போனது. காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் சரியாக ஒட்டாது, ஓரத்தில் உரிந்துகொண்டு வரும். அதனால் பழையதை ஒரு பொட்டு விடாமல் எடுக்க வேண்டும். இரும்புச் சுரண்டியும் கம்பிப் பிரஷும் அலுமினியத்தின் மேல்பூச்சைக் கீறிவிடும் என்று பெரியப்பா பிளாஸ்டிக் சுரண்டியும் நைலான் பிரஷும் கொண்டுவந்திருந்தார். வண்டலை வாரி எடுத்து, கட்டரின் உள்சுவரையும் நீளம் முழுக்கத் தேய்த்தோம். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அவை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தேய்ப்பது அழகுக்காக இல்லை.

அப்புறம் இணைப்பின் வயிற்றைப் பார்த்தோம். மேட்டுப் பக்கத்துத் துண்டு உள்ளே அமர்ந்து, பள்ளத்துப் பக்கத்துத் துண்டை மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து போகும். மாறியிருந்தால் எவ்வளவு பசை வைத்தாலும் தண்ணீர் எதிர்த்து வந்து மடிப்புக்குள் நுழையும். எங்களுடையது சரியாகத்தான் இருந்தது. சரியில்லாமல் இருந்தது வாட்டம். ஒரு தாங்கி தளர்ந்து இணைப்பு நடுவில் தொய்ந்திருந்தது, அதனால்தான் தண்ணீர் அங்கேயே நின்றது. தாங்கியை இழுத்து முடுக்கி, ஒரு குவளைத் தண்ணீரை மேட்டுப் பக்கம் ஊற்றி, அது நிற்காமல் இறங்குகுழாய்க்கு ஓடும்வரை சரிசெய்தார் பெரியப்பா. பசைக்கு முன்னால் இதைச் செய்யாதவரிடம் கூரை வேலையைக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தப் பசை என்பதற்கு வருவோம். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் வரிசையாகச் சிலிக்கான் குழாய்கள் அடுக்கியிருக்கும். திறந்தால் வினிகர் வாடை அடிப்பது வேண்டாம். காயும்போது அது வெளிவிடும் அமிலம் துத்தநாகத்தையும் மற்ற உலோகங்களையும் அரிக்கும். அந்த அமிலத்தை விடாமல் காயும், 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சிமெண்ட், எப்பாக்சி போன்ற விறைப்பான எதுவும் வேண்டாம். அலுமினியம் வெயிலில் நீளும், மழையில் சுருங்கும். 6 மீட்டர் கட்டர் 35 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். நம் ஊரில் மதியம் கொளுத்திவிட்டு நான்கு மணிக்குக் கொட்டும் மழைக்கு, ஒரே மணி நேரத்தில் உலோகம் இப்படி நீண்டு சுருங்கும். விறைத்த பசை அதில் வெடிக்காமல் என்ன செய்யும்?

இணைப்பைத் துணியால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போக மறுபடி துடைத்து, நன்றாகக் காயவிட்டோம். இணைப்பின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப். கோட்டின் மேல் பசையை இட்டு, பட்டையான கத்தியால் மெல்லிய படலமாக இழுத்து, பசை தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்தோம். தடவிப் பார்த்தால் மேடு கையில் தட்டுப்படக் கூடாது. ரிவெட் தலைகளுக்கும் ஒரு துளி. எல்லாம் கட்டருக்கு உள்பக்கம்தான். வெளியே பூசினால் தண்ணீர் மடிப்புக்குள் போய்த்தான் தேங்கும்.

நேரம் பார்ப்பது இங்கே தனிக் கலை. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். பிப்ரவரியில் மழை குறைவு, அது வாய்த்தால் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை, நடு ஆண்டில் விடியலில் வந்து அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்று, இவற்றுக்கு நடுவில்தான் இடம் தேட வேண்டும். நாங்கள் மழை ரேடாரைப் பார்த்துவிட்டு, கட்டர் இன்னும் சூடாகாத காலையில் ஆரம்பித்தோம். நியூட்ரல் சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டே இறுகும், ஆகவே நம் புழுக்கம் அதற்கு நல்லதுதான். ஆனாலும் 24 மணி நேரத்தில் 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். கனமாக அப்பினால் உள்ளே பல நாள் ஈரமாகவே கிடக்கும்.

இரண்டு மாடி வீடு என்றால் நீங்கள் ஏறாதீர்கள், உயரத்தில் வேலை செய்யப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். ஆனால் வேலை முடிந்ததும் கட்டரின் உள்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பசை மேடாக இருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று படத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போதும் தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்வதுபோல் கட்டரைச் சுத்தம் செய்து, பிடிஐ (Bti) என்ற பாக்டீரியாவால் ஆன கொசுப்புழுக் கொல்லியையும் போட்டு வருகிறேன். புழுக்கள் அதைத் தின்றால் குடல் கெட்டுச் சாகும். எதிரே அந்த மரம் இருக்கும்வரை இலை விழும், பெருமழைக்குப் பிறகு நான் ஏணியை எடுத்துத்தான் ஆக வேண்டும். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது என் மாமியார்.