அறுநூற்று நாற்பத்தொன்று

கணக்குச் சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி ரொறன்ரோவுக்கு வந்த இரவு, எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் 4294967297 என்று மட்டும் போட்டான். எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

தூய கணிதம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருநாள் கடைசிப் பாடவேளையில் சேர் 3, 5, 17, 257, 65537 என்று பலகையில் எழுதினார். 2ஐ 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும் வலுக்களுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்ட வரும் எண்கள். ஐந்தும் முதன்மை எண்கள், 1ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடுபவை. இப்படி வருவதெல்லாமே முதன்மை எண்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பெர்மா நம்பினார். அடுத்தது 2³² + 1, அதாவது அந்த 4294967297. "பிரிச்சுப் பாருங்கோ" என்று வாங்குக்கு ஓர் எண் தந்தார். மணி அடிக்கும்வரை ஒரு வாங்கிலும் மீதியில்லாமல் போகவில்லை.

அடுத்த நாள்தான் வழியைச் சொன்னார். இதற்கு முதன்மைக் காரணி எதுவானாலும், அதை 64ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே மீதி பூச்சியம்! மற்றக் காரணி 6700417. 1732இல் கணிதமேதை ஆய்லர் கண்டது இது.

அதோடு விட்டாரா? வகுக்காமலே காட்டுகிறேன் என்று இரண்டு வரி எழுதினார்.

641 = 5×2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரிப்படி 5×2⁷ஐ 641ஆல் வகுக்க மீதி −1, அதாவது ஒன்று குறைகிறது. நாலாம் வலுவுக்கு உயர்த்த, 5⁴×2²⁸இன் மீதி 1. இரண்டாம் வரிப்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ போட, 2³²இன் மீதி −1. ஒன்றைக் கூட்டினால் சரி, முடிந்தது. இவ்வளவு அழகான ஒன்றை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வகுப்புப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். "இது பாடத்திட்டத்தில் எங்கே இருக்கு?" என்று எங்கள் முன்னாலேயே அதட்டினார். "இல்லை ஐயா" என்றார் சேர். வெண்கட்டியை வைத்துவிட்டுப் பலகையை அழித்தார். அதை நினைக்க எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. சோதனைக்கு வராது என்று தெரிந்தும், அழகுக்காகவே ஒன்றைப் படிப்பித்த மனிசன் அவர்.

இங்கே கணினி வேலையில் 32 பிற்று (bit) முகவரிகளின் எண்ணிக்கை 4294967296 என்று கண்ட அன்று, ஒன்று குறைகிறதே என்று சேருக்குச் சொல்ல மனம் துடித்தது. அடுத்த எண்ணான 2⁶⁴ + 1ஐ 274177 பிரிக்கும் என்று 1880இல் லாந்திரி என்ற கணிதர் கண்டதையும், 65537க்குப் பிறகு இந்த வரிசையில் இன்றுவரை ஒரு முதன்மை எண்ணும் அகப்படவில்லை என்பதையும் அவரோடு இருந்து கதைத்திருக்க வேண்டும். ஊரை விட்டு வெளிக்கிட்டதால் எனக்கு நல்ல வாழ்வு கிடைத்தது. அப்படிக் கதைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் பழைய மாணவர் சங்கம் வருடாவருடம் பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பரிசு கொடுக்கிறது. இந்த முறை சேரின் பெயரில், பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கணித நூல்களைப் பள்ளிக்கூட நூலகத்துக்கு வாங்கிக் கொடுப்போம். முதல் பங்கு என்னுடையது.