நெற்றியா, மூளையா?

மனதால் விளையாடும் எங்கள் கேமைச் சோதிக்க வந்த ஒருவரிடம் அந்த உண்மையைச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று எங்கள் குழுத் தலைவர் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லாமல் எப்படி இருப்பது என்று நானும் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், பெரும்பாலும் எனக்குள்ளேயே.

விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டுக்குள் ஒரு பாறை. கவனம் குவித்தால் மேலே எழும். நெற்றியில் படும் இரண்டு உலர் மின்முனைகள், காதுமடலில் ஒரு கிளிப், மூளையின் மின் அலையை அளக்கும் மலிவான ஒரு ஈஈஜி போர்டு, இவ்வளவுதான் எங்களிடம் இருந்தவை. சோதனைக்கு வந்த பலர் பாறையை முறைத்துப் பார்த்துச் சலித்துப்போனார்கள். இவர் மட்டும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். ஹெட்செட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் சிரிப்பு.

“நான் நினைச்சுத்தானே சார் தூக்கினேன்?”

என் திரையில் கச்சா அலை ஓடிக்கொண்டிருந்தது. பாறை எழுந்த இடங்களிலெல்லாம் கோடு கம்பளிப்புழு மாதிரி தடித்திருந்தது. தசை. “நெற்றியைச் சுருக்குறீங்க சார், அதுதான் தூக்குது” என்றேன். “ஓ” என்றார். சிரிப்பு போய்விட்டது.

நான் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மூளை அலை மண்டையோட்டைத் தாண்டித் தோலுக்கு வரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். புருவத்தை நெரித்தால் வரும் தசை மின்சாரம் அதைவிடப் பல மடங்கு. மின்கம்பி இரைச்சல் என்றால் ஒரே அதிர்வெண்ணில் நிற்கும், வெட்டி எறிந்துவிடலாம். தசை அப்படி இல்லை, 20 ஹெர்ட்ஸ் பக்கம் ஆரம்பித்து நூறைத் தாண்டியும் பரவும். எங்கள் கவன மதிப்பெண்ணோ 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா என்ற மூளை அலை கூடுவதை வைத்துப் போடப்படுவது. ஆக, பல்லைக் கடித்தாலும் கவனம், முறைத்தாலும் கவனம். போதாக்குறைக்கு ஹெட்செட்டின் நுரைப்பட்டை வேறு அதே நெற்றியில்தான் அழுத்துகிறது.

“கேம்ல பாறை எழுந்தா போதும். எந்தத் தசை, எந்த நரம்புன்னு யார் கேக்குறா?” என்பது தலைவரின் கட்சி. ஃபேஸ்புக் 2019-இல் வாங்கிய சிடிஆர்எல்-லேப்ஸ் என்ற நிறுவனம் தலையைத் தொடவே இல்லை, மணிக்கட்டில்தான் சிக்னல் பிடித்தது என்பார். உண்மைதான். தசை சிக்னல் வலுவானது, வேகமானது, மலிவு வன்பொருளுக்குத் தோதானது. ஆனால் அவர்கள் மணிக்கட்டை மணிக்கட்டு என்றே சொன்னார்கள். நாங்கள் தொடக்கத் திரையில் ‘மனதால் தூக்குங்கள்’ என்று போட்டிருந்தோம்.

தசையை நம்பாத வழியும் இருக்கிறது. 1988-இல் ஃபார்வெல், டோன்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் திரையில் எழுத்துகளை மின்னவைத்து, வேண்டிய எழுத்து மின்னியதும் சுமார் 300 மில்லிவினாடி கழித்து எழும் மூளை அலையைப் பிடித்தார்கள். எங்கள் கேமிலும் அதையே வைக்கலாம் என்றுதான் நான் கேட்டேன். ஆனால் மின்முனை உச்சியில், முடிக்கு நடுவே உட்கார வேண்டும். பல மின்னல்களைச் சராசரி எடுக்க வேண்டும். அதுவரை பாறைக்கு முன்னால் யார் காத்திருப்பார்கள்? சரி, அந்த வாதத்தில் தலைவர்தான் ஜெயித்தார்.

இதுவரை எனக்குச் சாதகமாகவே சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் உடனே கிளம்பவில்லை. “முகத்தை ஆட்டாம ஒரு தடவை பாக்கட்டுமா?” என்று கேட்டார். தாடையைத் தளர்த்தி, நெற்றியை அசைக்காமல் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பாறை ஒரு சாண் எழுந்து விழுந்தது. கோடு தடிக்கவில்லை. “இது?” என்றார். தெரியவில்லை என்றேன். அது பீட்டாவாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத தசைத் துடிப்பாகவும் இருக்கலாம். இரண்டு மின்முனைகளை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல வழியில்லை. அப்படியென்றால் முதல் தடவை மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன இருந்தது? கவனம் குவிக்கும்போது நெற்றி சுருங்குவது எல்லோருக்கும் உள்ளதுதானே. அங்கே நினைப்பு எங்கே முடிந்தது, தசை எங்கே தொடங்கியது?

இருந்தாலும் பொய் சொல்லியிருக்க மாட்டேன். திரையிலுள்ள அந்த வரியை எடுக்கச் சொல்லி நான் போட்ட கோரிக்கை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. தலைவர் அதைத் தொடுவதில்லை. சமீபகாலமாக நானும் நினைவூட்டுவதில்லை.