ஞாயிறு மாலை வேன் வருவதற்குள்

அமெரிக்காவில் வாடகை கட்ட முடியாமல் வீட்டை விட்டு வெளியேறும் குடும்பம் ஷெல்டரை (வீடற்றோர் தங்குமிடத்தை) தேடிப் போனால், பல ஊர்களில் அவர்களை அங்கேயே பிரித்துவிடுவார்கள். ஆண்களுக்கு ஒரு இடம், பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வேறு இடம். 14 வயதுப் பையனை அம்மாவோடு விடமாட்டார்கள். குடும்பம் பிரியாமல் ஒரே அறையில் தூங்க வேண்டும் என்பதற்காகவே சர்ச்சுகளும் யூத ஆலயங்களும் மசூதிகளும் கோயில்களும் வாரத்துக்கு ஒன்றாக முறை போட்டுக்கொண்டு இடம் தருகின்றன. நியூ ஜெர்சியின் சம்மிட் நகரைச் சேர்ந்த கேரன் ஓல்சன் 1986இல் யூனியன் கவுண்டியில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்டர்ஃபெய்த் ஹாஸ்பிடாலிட்டி நெட்வொர்க் என்ற பெயரில் பல மாநிலங்களுக்குப் பரவி, பின்னர் ஃபேமிலி பிராமிஸ் ஆனது. உங்கள் ஊரில் இதில் சேர நினைப்பவர்களுக்கும், கோயில் சார்பில் சாப்பாடு மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

கணக்கு எளிது. 13 ஆலயங்கள் சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் 4 வாரம். 13 நான்கு 52. ஒரு நேரத்தில் மூன்று முதல் ஐந்து குடும்பங்கள், அதிகபட்சம் 14 பேர். அதற்கு மேல் போனால் சண்டே ஸ்கூல் அறைகளும் போதாது, அவர்களை ஏற்றிச்செல்லும் ஒரு வேனும் போதாது. 10 ஆலயங்களோடும் தொடங்கலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஐந்து வாரத்துக்கு மேல் வரும், மூன்றாம் சுற்றிலேயே ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள். இரவு தங்க வைக்க இடமில்லாத ஆலயம் உதவி ஆலயமாகப் பக்கத்து சர்ச்சோடு சேர்ந்துகொள்ளலாம். இந்துக் கோயில்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும்: வாரத்தில் இரண்டு மூன்று நாள் சமையலும் இரவுக் காவலும்.

பகலில் யாரும் ஆலயத்தில் இருப்பதில்லை. பகல் மையம் என்று தனியாக ஒரு இடம் இருக்கும். குளியல், துணி துவைக்கும் மெஷின், தபால் முகவரி, கம்ப்யூட்டர், வேலையும் வீடும் தேட உதவும் சமூகப் பணியாளர் எல்லாம் அங்கே. பெற்றோர் அங்கிருந்துதான் வேலைக்குப் போவார்கள், பள்ளி பஸ்ஸும் அங்கேதான் வரும். இந்த ஒன்றை மாற்றக் கூடாது. பஸ் சர்ச் வாசலில் நின்றால் வாரத்துக்கு ஒரு முகவரி சொல்ல வேண்டும். அதோடு வகுப்பில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். மெக்கின்னி-வென்டோ என்ற அமெரிக்கச் சட்டப்படி வீடிழந்த பிள்ளைக்குப் பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமை உண்டு. போக்குவரத்தைப் பள்ளி மாவட்டம் தர வேண்டும், ஆவணம் இல்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவும் முடியாது. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். குடும்பம் வந்த அன்றே அவருக்கு போன் போக வேண்டும்.

ஆலயத்தில் ஒப்புதல் வாங்கும்போது எல்லோரும் பாஸ்டரிடம் முதலில் போகிறார்கள். பாஸ்டர் எப்படியும் சரி என்பார். முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரிடமும் சொத்துக் குழுவிடமும்தான். ஹீட்டர் எத்தனை மணிக்கு அணைகிறது, அலாரம் எப்போது போடப்படுகிறது, செவ்வாய்க்கிழமை ஹாலில் யார் கூடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் அவர்களே. அடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம். பிறகு தீயணைப்பு அதிகாரியை அழைத்து அறைகளைக் காட்ட வேண்டும். புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், வெளியேற இரண்டு வழி, அடைக்காத நடைபாதை ஆகியவற்றைத்தான் பொதுவாகப் பார்ப்பார். இந்தப் படிகள் முடியும்முன் தேதி அறிவித்துவிட்டுத் தவித்த ஆலயங்கள் உண்டு. ஆலயங்களைச் சேர்ப்பது முதல் திறப்பு வரை ஓர் ஆண்டுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்துக்கு எத்தனை தன்னார்வலர்கள் வேண்டும்? இரவுச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 3 பேர், மாலை கூட இருக்க 2 பேர், இரவு படுக்க 2 பேர். ஏழு நாளுக்கு 49 முறை. ஞாயிறு ஏற்றி இறக்க 6 பேர், கடைசியில் படுக்கைத் துணி துவைக்க 4 பேர். ஒருவரே இரண்டு முறை வந்தாலும் 40 பெயர் கையில் வேண்டும். சாப்பாட்டுக்கு ஆள் தானாக வரும். இரவுக் காவலுக்கு வராது. வந்தாலும் புதன், வியாழன் காலியாகவே கிடக்கும். அதனால் பட்டியலை அந்த இரண்டு இரவிலிருந்து நிரப்பத் தொடங்குங்கள். மாற்று ஆள் இருவர் பெயரும் இருக்கட்டும். எல்லோருக்கும் பின்னணிச் சோதனை, இரண்டு மணி நேரப் பயிற்சி. பிள்ளையோடு தன்னார்வலர் யாரும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். பிள்ளைகளின் பொறுப்பு பெற்றோருடையது. ‘நான் பார்த்துக்கறேன், நீ போய் குளிச்சிட்டு வா’ என்ற நல்லெண்ணம் கூட இங்கே விதிமீறல்.

அறை தயார் செய்வது. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதில் வேறு யாரும் இல்லை. சண்டே ஸ்கூல் அறைக் கதவில் சிறு கண்ணாடிச் சதுரம் இருக்கும். அதை உள்பக்கம் தடித்த காகிதத்தால் ஒட்டுங்கள். பெரும்பாலும் மறந்துபோவது இதுதான், இரவு முழுக்க நடைபாதை வெளிச்சம் குழந்தை முகத்தில் அடிக்கும். சக்கரம் வைத்த மடக்குக் கட்டில்கள், கைக்குழந்தைக்கு மடக்குத் தொட்டில், ஒரு மேசை விளக்கு, ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் (எல்லோருக்கும் போன் சார்ஜ் செய்ய வேண்டும்), ஒரு குப்பைக்கூடை, துணி தொங்கவிட ஒரு கம்பி. சுவரில் குழந்தைகள் வரைந்த நோவா பேழை இருந்தால் இருக்கட்டும். வகுப்பறைப் பொம்மைகளை மட்டும் பூட்டி வையுங்கள். ஞாயிறு காலை ‘யார் உடைத்தது’ என்ற பேச்சு வரக் கூடாது.

மூட்டைப்பூச்சியைப் பற்றி வெட்கப்படாமல் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. மெத்தை ஒவ்வொன்றுக்கும் முழுதும் மூடி ஜிப் போடும் உறை. படுக்கைத் துணி ஆளுக்கு ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில். பெட்டியில் பெயர் எழுதாமல் எண் மட்டும். புதிய குடும்பம் வந்ததும் துணிகளைப் பகல் மையத்தில் டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் பூச்சி சாகும். துவைப்பதை விட அந்தச் சூடுதான் முக்கியம். இதைப் பழைய குடும்பம், புதிய குடும்பம் என்று பாராமல் எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக வைத்தால் யாருக்கும் மனம் நோகாது.

வழக்கமான நாள்: மாலை 5:30க்கு வேன், 6க்குச் சாப்பாடு, 10க்கு விளக்கணைப்பு, காலை 6க்குள் எழுந்து சிற்றுண்டி, மதியச் சாப்பாட்டுப் பை, 7க்கு வேன். சாப்பாட்டில் நம்மவர்கள் செய்யும் தவறு, விருந்து போடுவது. 14 பேருக்கு 40 பேர் சாப்பாடு வரும், பாதி மிஞ்சும். காரமில்லாத வெஜிடபிள் புலாவ், தயிர், வெட்டிய பழம், ரொட்டி போதும். பிள்ளைகளுக்கென மக்ரோனி சீஸ் ஒரு தட்டு வைத்துவிட்டால் அழுகை இல்லை. வேர்க்கடலை, முந்திரி அலர்ஜி யாருக்கு என்று முன்பே கேட்டு, சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். முந்திரி போட்ட குருமா ஒரே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வரை போகும். முஸ்லிம் குடும்பம் இருந்தால் பன்றிக்கறி மட்டுமல்ல, ஜெலட்டின் போட்ட மிட்டாயும் கூடாது. யூத ஆலயச் சமையலறை கோஷர் (யூத உணவு விதிப்படி நடப்பது) என்றால் வெளிச் சாப்பாட்டை அங்கே எடுத்துப் போவதற்கு முன் கேட்டாக வேண்டும். காகிதத் தட்டும் தனிப் பாத்திரமும் வைத்துச் சமாளிப்பார்கள்.

தன்னார்வலர்கள் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பரிமாறிவிட்டுச் சுவரோரம் நிற்கக் கூடாது. ‘எப்படி இந்த நிலைமைக்கு வந்தீங்க?’ என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்கு அவர்கள் அலுவலகம் அலுவலகமாகப் பதில் சொல்லித் தேய்ந்துபோயிருப்பார்கள். பணம் கொடுப்பது, காரைக் கடன் கொடுப்பது, ‘எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர் இருக்கிறார்’ என்று வாக்குக் கொடுப்பது எல்லாம் சமூகப் பணியாளர் வழியாக மட்டுமே. ஆலயச் செய்தி மடலில் படம் போடக் கூடாது. பிரசங்கம் கிடையாது, சாப்பாட்டுக்கு முன் ஜெபம் என்றால் விரும்பியவர் மட்டும். இதை ஏற்க முடியாத ஆலயம் இதில் சேராமல் இருப்பதே நல்லது.

இரவில் வரும் சிக்கல்கள் ஒரே மாதிரியானவை. இரவு 2 மணிக்கு ஒரு அம்மா பால் சூடு செய்யச் சமையலறைக்குப் போவாள். நடைபாதை மோஷன் சென்சார் கத்தும், போலீஸ் வந்து நிற்கும், நான்கு குடும்பமும் எழுந்துவிடும். அந்தப் பகுதி அலாரத்தை மட்டும் ஏழு நாளுக்கு விலக்கி வைத்து, அலாரம் கம்பெனிக்கும் சொல்லுங்கள். ஹீட்டர் ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் டைமரில் இருக்கும். ஜனவரியில் இரவு 11க்கு அறை குளிர்ந்துவிடும். பாடகர் குழு ஒத்திகையும் சாரணர் கூட்டமும் நடக்கும் ஹாலுக்குள் பிள்ளைகள் நைட்டியோடு நடந்து போக வேண்டியிருக்கும். பனிப்பொழிவால் பள்ளியும் பகல் மையமும் ஒன்றாக மூடினால் பகலிலும் ஆலயத்திலேயே இருப்பார்கள். அதற்கு இருவர் பெயர் தனிப் பட்டியலில் வேண்டும். வாந்தி வயிற்றுப்போக்கு வந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தனிக் கழிப்பறை ஒதுக்கி, அடுத்த வார ஆலயத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

யாரை எடுக்க முடியாது என்பதும் முன்பே தெளிவாக வேண்டும். கணவனின் அடிக்குத் தப்பி, தேடப்படும் நிலையில் வருபவருக்கு முகவரி ரகசியமான ஷெல்டர்தான் பாதுகாப்பு. சர்ச் முகவரி ஊருக்கே தெரியும். எங்கே அனுப்பலாம் என்று 211 என்ற சமூக உதவி எண்ணுக்கு போன் செய்தால் சொல்வார்கள்.

பண்டிகை வாரங்களைத்தான் நெட்வொர்க் கூட்டத்தில் முதலில் பங்கிடுவார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தை யூத ஆலயம் எடுத்துக்கொள்ளும், யூதர்களின் பஸ்கா பண்டிகை வாரத்தைச் சர்ச் எடுத்துக்கொள்ளும். ரமலானில் இஃப்தார் வேலை இருப்பதால் மசூதியை அந்த மாதம் கேட்காமல் விடுவது மரியாதை.

2020இல் கோவிட் வந்ததும் ஆலயங்கள் மூடின, குடும்பங்களை ஹோட்டல் அறைகளுக்கு மாற்றினார்கள். அதன்பின் பல ஊர்களில் நிரந்தரமாக ஒரு வீட்டையே எடுத்து, ஆலயங்கள் சாப்பாட்டையும் ஆட்களையும் அங்கே அனுப்புகின்றன. பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. வாராவாரம் மூட்டை கட்டுவது எந்தக் குழந்தையையும் சோர்வாக்கும். ஆனால் வீடு வாங்கப் பணம் சேரும்வரை ஒரு ஊர் காத்திருக்க முடியாது. காலியாகக் கிடக்கும் அறைகளை வைத்துத் தொடங்க வாரமுறைதான் மலிவு.

வாரமுறையில் எல்லாம் கெடுவது ஞாயிறு மாற்றத்தில். கட்டில்களும் பெட்டிகளும் டிரெய்லரில் மதியம் 3க்கு ஏறி, 4:30க்குள் அடுத்த ஆலயத்தில் விரிந்திருக்க வேண்டும். வேன் வந்து பிள்ளைகள் இறங்கும்போது கட்டில் மடங்கிக் கிடக்கக் கூடாது. போன வாரம் எந்தக் குடும்பம் எந்தச் சுவரோரம் படுத்தது என்ற குறிப்பும், விளக்கு எரிந்தால்தான் தூங்கும் குழந்தை எது என்ற குறிப்பும் பெட்டிகளோடு போகட்டும். கதவுக் குறியீட்டு எண்ணை மாற்றுங்கள். ஏற்றும்முன் கட்டில் அடியில் ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்: ஒற்றைக் காலுறை, சார்ஜர், இன்ஹேலர், காதறுந்த முயல் பொம்மை எதுவும் கிடக்கும். இன்ஹேலரும் முயலும் அன்றே போய்ச் சேர வேண்டியவை. யாராவது ஒருவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.