பந்து கைக்கு வரும் முன்பே: அரை நொடிப் பயிற்சியில் இதுவரை கண்டது

கூடைப்பந்துக் களத்தின் வலது விங்கில், அதாவது ரிங்கை நோக்கி நிற்கும்போது வலப்பக்கப் பகுதியில், அரை நொடி இலக்கை எட்டியாகிவிட்டது. பந்து கையில் பட்டதிலிருந்து அரை நொடிக்குள் ஷூட், டிரைவ் (பந்தைத் தட்டிக்கொண்டே ரிங்கை நோக்கிப் பாய்வது), பாஸ் ஆகிய மூன்றில் ஒன்று தொடங்கியிருக்க வேண்டும் என்பதே இந்தப் பயிற்சியின் ஒரே விதி. என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் கிரெக் போபோவிச் பயிற்சியளித்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி இந்த விதியைத் தன் தாக்குதலின் உயிர்நாடியாக வைத்திருந்தது. அந்த அணி 2014 இறுதித் தொடரில் மயாமி ஹீட்டை 4–1 என்று வென்ற ஆட்டங்களை, பந்து எவர் கையிலும் தங்காமல் ஓடிய அழகுக்காகவே இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். நம் மாலை நேர ஆட்டங்களில் வழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது: பந்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்து, நாற்புறமும் பார்த்து, இரண்டு முறை தட்டிய பிறகுதான் பலரும் யோசிக்கவே தொடங்குகிறார்கள். பாஸ் போட்டவர் உண்டாக்கிக் கொடுத்த இடைவெளி அதற்குள் மூடப்பட்டுவிடுகிறது.

கூம்புகளை வைத்து ஓடுவதும், விசில் சத்தத்துக்குத் திரும்புவதும், எண்ணைச் சொன்னால் அந்தப் பக்கம் பாய்வதும் காலுக்கு நல்ல பயிற்சிகள். அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் ஆட்டத்தில் எவரும் எண் சொல்லப் போவதில்லை. அங்கே கிடைக்கும் ஒரே செய்தி, நம்மை நோக்கி ஓடிவரும் தடுப்பாட்டக்காரரின் உடல் மட்டுமே. அந்த உடலைப் படிக்கக் கண் பழகாத வரை, கால் எவ்வளவு விரைவாக இருந்தாலும் அது தவறான திசையில்தான் விரையும். ஆகவே கூம்புகளை ஓரமாக அடுக்கிவிட்டு, மூன்று பேர் மட்டும் தேவைப்படும் க்ளோஸ்-அவுட் (பந்தை வாங்குபவரை நோக்கித் தடுப்பவர் ஓடிவந்து நெருங்குவது) பயிற்சி ஒன்றையே பிடித்துக்கொண்டோம். ஒருவர் டாப்பிலிருந்து, அதாவது ரிங்குக்கு நேரெதிரிலிருந்து, பாஸ் போடுவார். நான் விங்கில், 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று வெளியே நிற்பேன். தடுப்பவர் ரிங்குக்குக் கீழிருந்து ஓடிவருவார். அவர் எப்படி வருவார் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார், எங்களிடம் சொல்ல மாட்டார்.

இதில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது, கண் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத்தான். பந்து காற்றில் இருக்கும் நேரம் ஒரு நொடிகூடக் கிடையாது. அதற்குள் பார்வை தடுப்பவரிடம் ஒரு முறை போய்விட்டுப் பந்துக்குத் திரும்பிவிட வேண்டும். பாஸ் போடுபவரின் கையை விட்டுப் பந்து கிளம்பியதுமே அது எங்கே வந்து சேரும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடுவதால், பயணத்தின் நடுப்பகுதியில் பந்தைப் பார்க்க வேண்டிய தேவை குறைவு. அந்த நடுப்பகுதியைத்தான் தடுப்பவருக்குக் கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் பார்வை பந்துக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பந்து விரல் நுனியில் மோதி நழுவும்.

தடுப்பவரிடம் எதைப் பார்ப்பது? முகத்தையும் கைகளையும் நம்புவதற்கில்லை, அவை ஏமாற்றக்கூடியவை. பாதங்கள் ஏமாற்றுவதில்லை. வேகமாக ஓடிவருபவர் நிற்பதற்காகக் குறுநடையாகத் தட்டித் தட்டி வரும்போது, ஒரு பாதம் முன்னேயும் மற்றொன்று பின்னேயுமாக நிலைகொள்கிறது. முன்னே இருக்கும் பாதத்தின் பக்கமாக நாம் டிரைவ் செய்தால், அவர் இடுப்பைத் திருப்பி அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்த பிறகுதான் நம்மைத் தொடர முடியும். பின்பாதத்தின் பக்கம் சென்றாலோ ஒரு பக்கச் சறுக்கலில் வழியை மறித்துவிடுவார். முன்பாதம் எது என்பதைக் கண்டுகொண்டால் போதும், டிரைவின் திசை தானாகவே முடிவாகிவிடுகிறது. சிமெண்ட் தரையில் ஓடிவருபவரின் ஷூ கடைசியாகத் தேய்ந்து நிற்கும் அந்தச் சரக்கென்ற ஓசைகூட, எடை எப்போது நிலைகொண்டது என்பதைக் காதுக்குச் சொல்லிவிடுகிறது. உள்ளரங்க மரத்தரையில் ஆடுகிறவர்களுக்கு இந்த ஓசை இன்னும் கூர்மையாகக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

முடிவை விரைவாக்கியது மற்றொரு மாற்றம். தேர்வுகள் கூடக்கூட எதிர்வினைக்கு எடுக்கும் நேரமும் கூடுகிறது என்று ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1952இலேயே சோதனை செய்து காட்டினார். மூன்று வழிகளையும் சமமாக வைத்துக்கொண்டு பந்துக்காகக் காத்திருப்பது தாமதத்தை நாமே வரவழைத்துக்கொள்வதாகும். எனவே பந்து வருவதற்கு முன்பே ஷூட் என்பதை இயல்பான பதிலாக வைத்துக்கொள்கிறேன். தடுப்பவர் கை எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டால் மட்டுமே அது டிரைவாக மாறும்; டிரைவின் வழியில் இரண்டாவது ஆள் நின்றால் மட்டுமே பாஸாக மாறும். மூன்றில் ஒன்றைத் தேடும் வேலை இப்படி 'ஆம், இல்லை' என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

தடுப்பவராக ஓடிவரும் கல்லூரி மாணவர் ஒரு நாள், "அண்ணா, நீங்க ஷூட் பண்ணப் போறப்ப முட்டி மடங்குது, டிரைவுக்கு மடங்கவே மாட்டேங்குது, அதை வச்சே கண்டுபிடிச்சிடுறேன்" என்றார். பெரிய உதவி அது. அன்றிலிருந்து எதைச் செய்வதானாலும் முழங்கால் மடங்கிய ஒரே நிலையில்தான் பந்தை வாங்குகிறேன். நின்ற பிறகு மடங்குவதற்குச் செலவான நேரமும் இதனால் மிச்சமாகிறது.

அளப்பதற்குக் கைபேசியின் மெதுவோட்டக் காணொளியே போதுமானது. நொடிக்கு 240 சட்டகங்கள் என்று பதிவு செய்தால் அரை நொடி என்பது 120 சட்டகங்கள். பந்து கையைத் தொடும் சட்டகத்திலிருந்து முதல் அடி தரையில் படும் சட்டகம் வரை, ஷூட் என்றால் பந்து மேலெழத் தொடங்கும் சட்டகம் வரை, எண்ணிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் 200ஐத் தாண்டிக்கொண்டிருந்தது, இப்போது பெரும்பாலும் 120க்குள் அடங்குகிறது. வேகத்தைக் குறித்துக்கொள்ளும்போது முடிவு சரியா, தவறா என்பதையும் தனியே குறிப்பது மிகவும் அவசியம். 90 சட்டகங்களில் பிறந்த தவறான டிரைவை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.

பந்தைத் தட்டாமல் அளவுக்கு மேல் அடி எடுத்து வைக்கும் தவறான டிராவலிங் பற்றி ஒரு வார்த்தை. ஓடிக்கொண்டே பந்தை வாங்குபவருக்கு, பந்து கட்டுப்பாட்டுக்குள் வரும்போது தரையில் இருக்கும் பாதம் கணக்கில் சேராது என்று 2017 அக்டோபரிலிருந்து ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி கூறுகிறது. அதன் பிறகு டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) தொடங்குவதானால் இரண்டாவது அடிக்கு முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். அரை நொடி ஆட்டத்துக்கு இந்த விதி பெரும் துணை. ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் சில நடுவர்கள் இன்னும் பழைய கணக்கிலேயே விசில் ஊதுகிறார்கள், முறையாக எடுத்த முதல் அடிக்குப் பந்தைப் பறிகொடுப்பது மனத்தை வருத்துகிறது. ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

பொருட்களைப் பொறுத்தவரை, சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளைச் சுற்றி வந்தாலே எல்லாம் கிடைத்துவிடும். அணிகளைப் பிரித்துக் காட்டும் மேலாடைகளான இரண்டு நிற பிப்களை அங்கேதான் வாங்கினோம். சிமெண்ட் தரைக்கு ரப்பர் பந்தே ஏற்றது. காம்போசிட் (செயற்கைத் தோல்) பந்தின் மேற்பரப்பு விரைவில் வழவழப்பாகிவிடுகிறது, வியர்வைக் கையில் அது நழுவினால் கண்ணுக்குக் கொடுத்த பயிற்சி முழுவதும் வீணாகிறது. நிவியா, மோல்டன் இரண்டின் ரப்பர் பந்துகளையும் பயன்படுத்திப் பார்த்ததில், பிடிமானத்துக்காக மோல்டனையே விரும்புகிறேன். ஷூ வாங்கும்போது அடிப்பகுதி ரப்பர் தடிமனாகவும் கடினமாகவும் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

இடது விங் இன்னும் வழிக்கு வரவில்லை. அங்கே முன்பாதம் தெளிவாகத் தெரிந்தாலும், இடது கையால் தொடங்கும் முதல் டிரிபிள் தயங்குகிறது, சட்டகக் கணக்கு 160இலேயே நிற்கிறது. அதைச் சரிசெய்து முடிப்பதற்கு முன்பே இரண்டாவது தடுப்பவரைச் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. அவர் பெயிண்டுக்குள், அதாவது ரிங்குக்கு முன்னுள்ள செவ்வகத்துக்குள், நிற்பார், நான் டிரைவ் தொடங்கிய பிறகே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். கார்னரில் ஒருவரையும் நிறுத்திவிட்டால் மூன்றாவது வழியான பாஸும் உண்மையான சோதனைக்கு வரும். இதே ஆட்களைக் கொண்டு, ஒரே ரிங்கில் அணிக்கு மூவராக ஆடும் 3x3 ஆடவும் திட்டமிட்டிருக்கிறோம். அங்கே ஷாட் கிளாக் (ஷூட் செய்வதற்கான கால வரம்பு) 24 நொடிக்குப் பதிலாக 12 நொடிதான், ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து பயிற்சியாளர் வழிகாட்டவும் அனுமதி இல்லை. அடுத்த ஞாயிறு முதல் இடது விங்கையும் இரண்டாவது தடுப்பவரையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கப் போகிறோம். இரண்டு தடுப்பவர்கள் வரும்போது பார்வையை எந்த வரிசையில் செலுத்துவது என்பதில் அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் முதல் நாளிலேயே அதைச் செய்து பார்ப்போம்.