ஒரு போன் காலை அழித்தால் நாலும் போய்விடுகிறது

சேலம் ஜங்ஷனில் இருந்து ஏற்காட்டுக்குச் சொந்த வண்டி ஓட்டுகிறேன், 11 வருஷம் ஆகிறது. ட்ரிப் எழுதி வைக்க நோட்டு எதுவும் கிடையாது, போனில் இருக்கிற கால் ஹிஸ்டரிதான் எனக்கு நோட்டு. யாராவது வண்டி கேட்டுக் கூப்பிட்டால் அந்த வரி அப்படியே இருக்கும். அவர்களை ஏற்றி இறக்கிவிட்டதும் அந்த ஒரு வரியை மட்டும் அழுத்திப் பிடித்து அழித்துவிடுவேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எடுத்துப் பார்த்தால் எது மிச்சம் நிற்கிறதோ அது நாளைய வேலை. 20 கொண்டை ஊசி வளைவு முடிகிற வரைக்கும் போனைத் தொட முடியாது, மேலே போய் வண்டியை நிறுத்தியதும் மிஸ்டு கால் மொத்தமாக வந்து விழும், அதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிட்டு இப்படியேதான் முடிப்பேன்.

கோடை சீசனில் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் போன் ஆப் மொத்தமாக மாறியிருக்கிறது. ராத்திரி சார்ஜில் கிடந்தபோது தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. நிறம், எழுத்து எல்லாம் எப்படியோ போகட்டும். ஒரே நம்பரில் இருந்து வந்த கால்களை எல்லாம் ஒரே வரியாகச் சுருட்டி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 4 என்று போட்டிருந்தது. எனக்கு அது சரிப்படவே படாது, ஏனென்றால் ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் இருந்து ரிசப்ஷன் நம்பரிலேயே நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். நம்பர் ஒன்று, ஆனால் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு குடும்பம், ஒவ்வொரு நேரம். நேரத்தைக்கூட நான் தனியாக எழுதுவதில்லை, கால் வந்த நேரத்தைப் பார்த்தாலே பேசியது ஞாபகம் வந்துவிடும்.

அன்றைக்கு அந்த லாட்ஜ்காரர் சொன்ன ட்ரிப் ஒன்றை, ஏற்காட்டில் லேடிஸ் சீட் என்கிற வியூ பாயின்டுக்குப் போனதை, முடித்துவிட்டு வழக்கம்போல அந்த வரியை அழுத்திப் பிடித்து டெலீட் கொடுத்தேன். நாலும் போய்விட்டது. உறுதியா என்று கேட்கவும் இல்லை, திரும்ப எடுக்க வழியும் இல்லை. லாட்ஜ்காரரின் நம்பர் தெரியும், அதில் கவலை இல்லை. ஆனால் அதில் ஒரு கால், மறுநாள் காலை 6 மணிக்கு ஜங்ஷன் போக வேண்டிய ஒரு குடும்பத்துக்காக வந்தது, பட்டியலில் அது இல்லாததால் எனக்கு நினைவுக்கே வரவில்லை. மறுநாள் 6.20-க்கு லாட்ஜில் இருந்து போன். "என்னங்க தம்பி, பெரியவங்க ரெண்டு பேரும் பெட்டியோட வாசல்ல நிக்கிறாங்க, எங்க இருக்கீங்க?" நான் கீழே சேலம் அஸ்தம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேறு வண்டி பிடித்து இறங்கினார்கள், ரயில் கிடைத்துவிட்டது. இருந்தாலும் அந்தக் குடும்பத்து அம்மா இரண்டு வருஷமாக என் வண்டியில்தான் வருவார், அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

அழிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கடைத்தெருவில் மொபைல் சர்வீஸ் செய்யும் பையனிடம் கேட்டேன். பேக்கப்பில் கால் ஹிஸ்டரி இருக்கலாம் அண்ணா, ஆனால் அதை இறக்க வேண்டுமென்றால் போனையே முழுசாக அழித்துப் புதுசுபோல ஆரம்பிக்க வேண்டும் என்றான். சிம் கம்பெனியிடம் ரெக்கார்ட் இருக்குமே என்றேன். இருக்கும், 2021 டிசம்பரில் இருந்து குறைந்தது 2 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை விதியே போட்டிருக்கிறது. ஆனால் அது போலீஸ், கோர்ட் மாதிரி இடங்கள் கேட்பதற்காக, எனக்கு யார் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்காக இல்லை. நாம் போனில் அழிப்பதெல்லாம் நம் கண்ணில் இருந்து மட்டும்தான் அழிகிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, பழையபடி மாற்றலாம் என்று இறங்கினேன். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் போன், மேலே மூன்று புள்ளி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கையே நடுங்கியது, மிச்சம் இருக்கிற லிஸ்டும் போய்விடுமோ என்று. போகவில்லை. கால் லிஸ்ட் அந்த ஆப்புக்குள் இல்லை, ஆண்ட்ராய்டு அதைத் தனி இடத்தில் வைத்திருக்கிறது, ஆப் அதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். பழைய முகம் திரும்பி வந்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மறுநாள் காலை மறுபடியும் புதுசு! ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஏறிவிட்டது.

அதனால் முதலில் ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளியில் ஆட்டோ அப்டேட் டிக்கை எடுங்கள், அப்புறம் அப்டேட்டை நீக்குங்கள். வரிசை மாறினால் என் கதைதான். இதை நிரந்தரமாக வைத்திருப்பதும் நல்லதல்ல, பாதுகாப்புக்கான திருத்தங்களும் அப்டேட்டில்தான் வருகின்றன. நான் சீசன் முடிகிற வரைக்கும் அப்படி ஓட்டிவிட்டு, இப்போது புது ஆப்புக்கே வந்துவிட்டேன். என் போனில் அந்தச் சுருட்டிய வரியைத் தொட்டு ஹிஸ்டரிக்குள் போனால் நாலு காலும் தனித்தனியாக நிற்கிறது, அங்கே வேண்டியதை மட்டும் அழிக்க முடிகிறது. முன்பு ஒரு அழுத்தலில் முடிந்த வேலைக்கு இப்போது ஐந்து தொடல். லாட்ஜ் கால்களை மட்டும் வண்டி டேஷ்போர்டில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவிடுகிறேன்.